மாடி ரூட்டரின் காது

ஒரு நூல் மில்லில் இரண்டு ரூட்டர்கள் இருந்தன. ஒன்று மாடி ஆபீஸில், மற்றொன்று கிடங்கில். நடுவே மயிரிழை போன்ற ஒரு கண்ணாடி இழை. அதற்குள் ஒளியாகப் போய்வந்தது அவற்றின் பேச்சு.

கொஞ்ச நாளாகக் கிடங்கின் பேச்சு மாடி ரூட்டருக்குச் சிதைந்தே கேட்டது. ஒவ்வொரு பிழையையும் அது குறித்து வைத்துக்கொண்டது.

"என்னப்பா உளறுறே? திருப்பிச் சொல்லு."

கிடங்கு ரூட்டர் நூறு தடவை சலிக்காமல் திருப்பிச் சொன்னது. "நான் சரியாத்தான் சொல்றேண்ணே" என்றும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தது. அதுவும் சிதைந்தே வந்ததால், மாடி ரூட்டர் அதையும் பிழைகளோடு சேர்த்துக்கொண்டது.

கிடங்கு ரூட்டரைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட டெக்னீஷியன் பிலோமினா மாடிக்கு வந்தாள். கிடங்கின் இழையைக் கழற்றிவிட்டு, ஒரு குட்டிக் கண்ணாடி இழையை எடுத்து, மாடி ரூட்டரின் வாயிலிருந்து அதன் காதுக்கே மாட்டினாள்.

தன் குரலை அது அதுவரை கேட்டதே இல்லை. இப்போது கேட்டது. அதுவும் சிதைந்துதான் கேட்டது.

மாடி ரூட்டர் நொந்துகொண்டது: "அந்தப் பயலோட பேசிப் பேசி என் பேச்சுமில்ல கெட்டுப்போச்சு!"

பிலோமினா பூதக்கண்ணாடி வைத்து அதன் காதைப் பார்த்தாள். உள்ளே பஞ்சுத் தூசி. துடைத்துவிட்டு, பழையபடி கிடங்கோடு இணைத்தாள்.

"அண்ணே, கேக்குதா?"

ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டது.

"அப்படிச் சொல்லு!" என்றது மாடி ரூட்டர். "இத்தனை நாள் உன்னைக் கண்டிச்சது வீண்போகல."