குளிராத ஏசி

“இந்த ஏசிய நிப்பாட்டாம புள்ளைக்கு இழுப்பு நிக்காதக்கா.”

ஏசி திருத்த வந்த உதயரூபன் சுவரைத் தட்டிக் காட்டினான். பெட்டிக்குக் கீழே தரை வரை கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதை ஒட்டியே கட்டில். அதில் பத்து வயது விதுர்ஷா நெஞ்சு ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள்.

“டொக்டரும் அதத்தான் சொன்னார். இன்னொருக்கா இழுத்தா ஆஸ்பத்திரி வாட்டில வைக்கணுமாம்,” என்றாள் தாய் கேதீஸ்வரி. “நீங்க தண்ணி ஒழுக்க மட்டும் நிப்பாட்டித் தாங்க தம்பி.”

“காஸ் குறைஞ்சு உள்ளுக்க ஐஸ் கட்டுது. அது உருகித்தான் சுவரால வடியுது. அறையும் குளிரல்ல. பிறகு என்னத்துக்கு ஓட விடுறீங்க?”

அவள் தரையில் வடிந்த தண்ணீரைத் துடைக்கத் துணி எடுத்தாள்.

உதயரூபனுக்கு எரிச்சல் வந்தது. ஆரையம்பதியில் இடியப்பம் அவித்து விற்கிறவள். கூரையில் பாதி ஓடு, பாதி தகரம். சண்டை முடிந்து நிவாரணக்காரர்கள் தங்கள் கந்தோரை மூடிச் சாமான்களை விற்றபோது மலிவாக வாங்கிய பழைய பெட்டி, இராப்பகலாக ஓடுகிறது. குடிப்பது கூழ், கொப்பளிப்பது பன்னீர் என்று மனதுக்குள் ஏசினான். பெற்ற பிள்ளையின் மூச்சை விடவா பெருமை பெரிது?

“கழட்டிப் போட்டுட்டு யன்னலத் திறந்து விடுங்க. குளோரின் தண்ணியால சுவரக் கழுவுங்க. ஒரு கிழமையில காஞ்சிரும்.”

“யன்னலுக்கு ஆணி அடிச்சிருக்கு தம்பி.”

“அடிச்ச ஆணியக் கழட்டேலாதா?”

“ஏலா.”

“அப்ப புதுசொண்டு வாங்கிப் போடுங்க. இது வயல்ல நெல்லுச் சூடடிக்கிற மிஷின் மாதிரிக் கத்துது. புதுசு ஓடுறதே தெரியாது.”

“அது எங்களுக்குச் சரிவராது.”

இப்படியும் ஒரு பிடிவாதமா! ஊரான் பிள்ளை என்று விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. பிள்ளை இழுக்கிற இழுவையைப் பார்த்தவன், யாரையும் கேளாமல் எட்டிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

“ஐயோ, வேணாம் தம்பி!”

பெட்டி இரண்டு தரம் குலுங்கி அடங்கியது. அறை அடங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது.

விதுர்ஷா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டில் மூலையில் ஒடுங்கினாள்.

“அம்மா, வருதும்மா! வருது!”

கேதீஸ்வரி ஓடிப்போய் மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

“சுனாமியில இவட அப்பாவ அலை இழுத்தது இவட கண்ணுக்கு முன்னாலதான் தம்பி. அண்டைக்கிருந்து இந்தக் கடல் சத்தம் கேட்டா ஒரு கண் நித்திரை இல்ல. எங்களுக்குக் குளிர் வேணாம். ஒழுகாம, அந்தப் பெட்டி சும்மா கத்திக்கொண்டிருந்தா அதுவே காணும்.”