அக்காவின் கட்டம்

கணினியில் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையில் தமிழ்நாடு, சின்னச் சின்னக் கட்டங்களாக. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அங்கே எரிகிற எல்லாமும் இருந்தன. அனல் மின்நிலையம், லாரி, செங்கல் சூளை.

இந்த முறை விறகு அடுப்பையும் சேர்த்திருந்தாள்.

மீட்டர் ஓடாத வீட்டைப் புகையில்லாத வீடு என்று போட்டுவிட்டுப் போவது அவள் தொழிலில் வழக்கம். விறகு எந்த பில்லிலும் வராதே.

வீடு வீடாக மின் அடுப்பு கொடுத்தால் இனி வரும் வருஷங்களில் புகை என்ன ஆகும்? நாளை அரசாங்கம் பார்க்கப்போகும் படம் இது. படத்தில் ஊர்கள் எந்த வரிசையோ, அந்த வரிசையில்தான் அடுப்பும் போகும்.

வருஷங்களை ஓடவிட்டாள்.

சென்னை வெளுத்தது. பிறகு கோவை. பிறகு மதுரை. புகையின் பழுப்பு ஒவ்வொரு கட்டமாக விலகிக்கொண்டே போனது.

அடேயப்பா.

எத்தனை லட்சம் அடுப்புகள். எத்தனை லட்சம் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறார்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தான் போட்ட கணக்குதானா இது என்றிருந்தது.

பிறகு கல்வராயன் மலையைத் தேடினாள். அக்கா வீடு இருக்கும் கட்டம்.

பழுப்பு.

அடுத்த வருஷமும் பழுப்பு. அதற்கடுத்த வருஷமும்.

கடைசி வருஷத்தில்தான் வெளுத்தது.

போன மாதம் இயக்குநரிடம் காரணம் சொல்லி லீவு போட்டு அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். புகையை விட்டால் பிழைப்பாள் என்றார் அவர். அக்கா இருமலுக்கு நடுவே சிரித்தாள். "அடுப்ப அணைச்சுட்டா அப்புறம் என்னத்த திங்கறது?"

மலையை யாரும் வேண்டுமென்றே கடைசியில் வைக்கவில்லை. கணினியில் எப்போதும் பட்டணம்தான் முதலில். ரோடும் பஸ்ஸும்கூட அப்படித்தானே வந்தன. யாருக்கும் உறுத்தவில்லை.

வரிசையைத் திருப்பிப் போட்டாள். மலை முதலில், சென்னை கடைசியில்.

மின்சாரத் தேவை எகிறும், இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தபடியே ஓடவிட்டாள்.

படத்தின் அடியில் இருந்த மின்சாரக் கோடு இம்மியும் அசையவில்லை. அதே வீடுகள், அதே அடுப்புகள்.

புகைக்கோடு மட்டும் விழுந்தது. முதல் வருஷத்திலேயே, மளமளவென்று. நகரத்தில் முக்கால்வாசி வீட்டில் ஏற்கெனவே கேஸ் இருக்கிறது. விறகு பெரும்பாலும் மலையிலும் காட்டோரத்திலும்தானே எரிகிறது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இயக்குநர் தணிகாசலம் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி ஓடவிடும்மா."

ஓடவிட்டாள். மலை வெளுத்தது. அங்கிருந்து வெண்மை கீழே இறங்கியது.

"வரிசைய மட்டும்தான் மாத்தினியா?"

தலையாட்டினாள்.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மின்சாரத்துக்கும் கேஸுக்கும் இதே மாதிரிப் படங்களை, பட்டணத்திலிருந்தே தொடங்கி, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் போட்டுக் கொடுத்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க அக்காவுக்கு இந்த இருமல் எப்ப ஆரம்பிச்சுது?" என்றார்.