மேசை தட்டிய கை

கால்வாய்க்கரை வீடுகளை இடிக்கக் கூடாது என்று பேசத்தான் கவுன்சிலர் செங்கமலம் மாமன்றத்துக்குப் போனாள். மேயர் தீர்மானங்களின் எண்களை மட்டும் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தட்டினால் நிறைவேறியதாகக் கணக்கு. பழக்கதோஷத்தில் அவள் கையும் தட்டிக்கொண்டே இருந்தது. வாசித்து முடிந்ததும் எழுந்தாள்.

"எங்க வார்டு கால்வாய்க்கரை விஷயமா..."

"அது அப்பவே நிறைவேறிடுச்சேம்மா," என்றார் மேயர். "நீங்களும்தானே தட்டினீங்க."

சாயங்காலம் கரையில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். செங்கமலம் வந்து நின்றாள். எதிர்வீட்டு ராக்கம்மா அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"எங்களுக்காகவா மேசையை இந்த அடி அடிச்சே, தாயி?" என்று கேட்டு, அதன்மேல் மெதுவாக ஊதிவிட்டாள்.