ஒரு கட்டிலுக்காக ஒரு ஜெபம்

“வேளாங்கண்ணி போயிட்டு வர்றியாம்மா?” பூங்கோதையின் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்துக் கேட்டார் ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ஃப்ளோரன்ஸ்.

“ஆமா சிஸ்டர். வருஷா வருஷம் போவோம்.”

பூங்கோதை வேளாங்கண்ணியைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். அந்த ஜெபமாலை சற்று முன்புவரை கோதண்டபாணியின் ஆட்டோவில், பிள்ளையார் படத்துக்கும் நாகூர் தர்கா படத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அடையாறு பக்கம் இருக்கும் ஒரு கல்லூரியை நாளைக் காலையில் நேரில் பார்த்து, பிடித்திருந்தால் சேர்ந்துவிடலாம் என்று அறந்தாங்கியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தவள். “ராத்திரி தங்க நல்ல எடம் கெடைக்கலைன்னா அன்னைக்கே பஸ் ஏறி வந்துரணும். காலேஜு நம்ம ஊர்ப் பக்கமும்தான் இருக்கு” என்று சொல்லித்தான் அப்பா சிதம்பரநாதன் அனுப்பியிருந்தார். கட்டில் கிடைத்தால் சென்னை, கிடைக்காவிட்டால் அறந்தாங்கி.

தி. நகர் லாட்ஜில், தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடையாது என்றார்கள். தேனாம்பேட்டை லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு ராத்திரிக்கும் ஒரு மாத வாடகையும் அட்வான்ஸும் கேட்டார்கள். அடையாறில் மட்டும் சிரித்த முகத்தோடு அறையைக் காட்டினார்கள். அந்த வாடகையில் ஒரு செமஸ்டரே படித்துவிடலாம்.

பஸ் மாறி பஸ் மாறிக் கால் ஓய்ந்துபோய்த்தான் கோதண்டபாணியின் ஆட்டோவில் ஏறினாள்.

“மைலாப்பூர்ல சிஸ்டருங்க நடத்துற ஹாஸ்டல் ஒண்ணு கீதும்மா” என்றார் அவர். “ஒரு நாளுக்குக்கூட ரூம் தருவாங்கோ, சீப்பு. ஆனா அவங்க ஆளுங்களுக்குத்தான்.”

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“எத்தினி வருசமா ஓட்டிக்கினு கீறேன், இது தெரியாதா? இந்தா, இத்த கயுத்துல மாட்டிக்க. இன்னா கேட்டாலும் ஆமான்னு சொல்லு, அவ்ளோதான். காலைல ஸ்டாண்டுல வந்து குட்த்துடு.”

ஊரில் உள்ள எல்லா ஹாஸ்டலுக்கும் சட்டம் எழுதியதே தாம்தான் என்பது போலச் சொன்னார். பூங்கோதையும் நம்பிவிட்டாள்.

சிஸ்டர் ஃப்ளோரன்ஸ் விடுவதாக இல்லை. “ஞானஸ்நானப் பேரு என்னம்மா?”

அப்படித் தனியாக ஒரு பெயர் உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். “வீட்ல... மேரின்னு கூப்பிடுவாங்க சிஸ்டர்.”

“நல்ல பேரு” என்று சாவியை எடுத்துக் கொடுத்தார் சிஸ்டர். “கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

சாப்பாட்டு மேஜையில் எதிரே இன்னொரு பெண். “இது மேரி, வேளாங்கண்ணி போயிட்டு வந்திருக்கா” என்று அவளிடம் சொன்னார் சிஸ்டர். பெயர் ஷில்பா, கோயம்புத்தூர், அவளும் கல்லூரி பார்க்க இன்றுதான் வந்தவள். கழுத்தில் மெல்லிய வெள்ளிச் சிலுவை. அசல் ஆள் கிடைத்துவிட்டாள், இவள் செய்வதையெல்லாம் அப்படியே செய்துவிட்டால் தப்பித்தோம் என்று பூங்கோதைக்கு உயிர் வந்தது.

ஷில்பா தலை குனிந்தாள், பூங்கோதையும் குனிந்தாள். ஷில்பா கை கூப்பினாள், இவளும் கூப்பினாள். நிமிரும்போதெல்லாம் ஷில்பா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண், சீக்கிரம் ஒட்டிக்கொள்வாள் போலிருக்கிறது.

“புதுசா வந்தவங்கதான் ஜெபம் சொல்றது இங்க வழக்கம்” என்றார் சிஸ்டர். “யாரு சொல்றீங்க?”

“அவங்க சொல்லட்டும் சிஸ்டர்” என்றாள் பூங்கோதை.

“இல்லீங்க சிஸ்டர், அவிங்களே சொல்லட்டும். வேளாங்கண்ணியெல்லாம் போயிட்டு வந்திருக்காங்க” என்றாள் ஷில்பா.

“அதுவும் சரிதான்” என்று சிஸ்டர் பூங்கோதையைக் கை காட்டிவிட்டார். சமையல்கார ஆரோக்கியமேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பூங்கோதை எழுந்து நின்றாள்.

“ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. சாம்பாருக்கும் நன்றி. நாளைக்கு அந்தக் காலேஜ் எனக்குப் பிடிக்கணும், அவங்களுக்கும் என்னையப் பிடிக்கணும். எங்கப்பா வேணாம்னு சொல்லாம இருக்கணும்.”

காலையிலிருந்து அவள் பேசியதில் இந்த அளவுக்கு மனதிலிருந்து வந்தது வேறு எதுவும் இல்லை.

எல்லாரும் ஆமென் என்றார்கள். இனி சிலுவை போட வேண்டும். பூங்கோதை ஷில்பாவின் கையைப் பார்த்தாள். அது நெற்றியில் நின்றது. இவள் கையும் நெற்றிக்குப் போய் நின்றது. இரண்டு கைகளும் தயங்கித் தயங்கி நெஞ்சுக்கு இறங்கின. பிறகு ஒன்று இடப்பக்கம் போனது, ஒன்று வலப்பக்கம் போனது, இரண்டும் பாதியில் நின்றன. சிஸ்டர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் பூங்கோதையால் முடியவில்லை.

“மன்னிச்சிருங்க சிஸ்டர். நான் கிறிஸ்டியன் இல்ல. தங்க வேற எடமே கெடைக்கல, அதான் பொய் சொல்லிட்டேன். நான் ஊருக்கே போயிடறேன்.”

“மொதல்ல உக்காரு” என்றார் சிஸ்டர். “இங்க கிறிஸ்டியனுக்கு மட்டும்தான் ரூமுன்னு எவன் சொன்னான்? யார் வந்தாலும் குடுப்போம். சாவி வாங்கிட்டேல்ல, நாளைக்கு காலேஜைப் பாத்துட்டுத்தான் நீ ஊருக்குப் போற.”

பூங்கோதைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. எதிரே ஷில்பாவின் முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

“அய்யய்யோ, நான் உங்களைப் பார்த்துத்தானுங்க சிலுவை போட்டுட்டிருந்தேன்!”