சக்கரவர்த்தி தேவை

நரி நடத்திய கணினி நிறுவனம் ‘மின்வெளிச் சக்கரவர்த்தி தேவை’ என்று விளம்பரம் செய்தது. செக்கிழுத்துக்கொண்டிருந்த காளை அதைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடியது.

நரி அதன் கழுத்தில் பதவி அட்டையை மாட்டி, கணினிகளுக்கு மின்சாரம் எடுக்கும் இயந்திரத்தில் பூட்டியது. காளை பொழுதெல்லாம் சுற்றியது.

“ஐயா, செக்குல சாயங்காலம் ஆனா புண்ணாக்கு வைப்பாங்க. இங்க வைக்கோலாவது உண்டுங்களா?”

“என்ன சார் நீங்க! வைக்கோல் மாட்டுக்குப் போடுறது. சக்கரவர்த்தி கேட்கலாமா?”

காளைக்கு வெட்கமாகப் போயிற்று. பிறகு பசி தாங்காமல் கழுத்து அட்டையை மென்று தின்றது.

காலையில் வெறுங்கழுத்தைக் கண்ட நரி, ‘மகா சக்கரவர்த்தி’ என்று புது அட்டை மாட்டிக் கைதட்டியது.

காளைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அட்டை முந்தையதைவிடப் பெரியது.