வீட்டு ஓனர்

இயக்குநர் தணிகைவேல் தன் குழுவினரிடம் ஜெபராஜை வீட்டு ஓனர் என்றுதான் அறிமுகப்படுத்தினான். அப்போது ஜெபராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. படப்பிடிப்புக்கு வேறு வீடு பிடிக்க வசதியில்லாத படம். ஓனரும் எல்லோருக்கும் டீ போடப் போனான்.

படுக்கையறைக் காட்சி மட்டும் படியவே மாட்டேனென்றது. காதலர்களாக நடித்த இரண்டு ஆண்களும் கட்டிப்பிடித்துப் படுத்தால் நெரிசல் பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்கள் போலிருந்தார்கள். ஒலிப்பதிவுக்காக ஃபேனை வேறு நிறுத்தியிருந்தார்கள். பொறுமையிழந்த தணிகை அவர்களை எழுப்பிவிட்டுத் தானே கட்டிலில் காலை நீட்டிப் படுத்தான். "இப்படித்தான்டா தூங்குவாங்க."

டீ தட்டோடு வாசலில் நின்ற ஜெபராஜுக்குப் பொறுக்கவில்லை. "கால நீட்டி என்னிக்குத் தூங்கியிருக்க நீ? என் மேல காலப் போட்டாத்தான உனக்குத் தூக்கமே வரும்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஃபேன் சத்தம்கூட இல்லாத அறையில் எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

தணிகை சுவரோரமாக நகர்ந்து போர்வையைத் தூக்கிப் பிடித்தான்.

"வந்து காமிச்சுக் குடு, ஜெபா."

தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜெபராஜ் நின்றான். கேமராக்காரர் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார்.