இடது செருப்பின் கேள்வி

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் மாலை. சந்தியாகு தன் ரப்பர் செருப்புகளை மாதா கோயில் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். இடது செருப்புக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பித்தவெடிப்புக் காலைவிட நான் என்ன அழுக்கு? அது மட்டும் உள்ளே போகலாமாம்!"

"புனிதமான இடம்டி. கழற்றச் சொன்னா கழற்றணும்" என்றது வலது.

"ஏன்னு கேட்டியா?"

"கீழ்ப்படியறதுக்கு ஏன் எதுக்கு?"

"கேட்காமலே கீழ்ப்படிஞ்சா அது பக்தியா, சோம்பேறித்தனமா?"

இடது, வாசலில் படுத்திருந்த நாயைக் கெஞ்சியது. "அண்ணே, என்னைக் கவ்விட்டுப் போய் உள்ளே என்ன நடக்குதுன்னு காட்டுங்களேன்."

நாய்க்கும் ரொம்ப நாளாக அதே சந்தேகம்தான். செருப்பைக் கவ்விக்கொண்டு கதவோரம் எட்டிப் பார்த்தது.

பீடத்தின் முன்னே பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பங்குச்சாமியார் முழந்தாளிட்டு, சந்தியாகுவின் பித்தவெடிப்புக் காலில் தண்ணீர் ஊற்றினார், துண்டால் துடைத்தார், பிறகு குனிந்து அதை முத்தமிட்டார்.

நாய் இடதைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுவந்து வலதின் பக்கத்தில் போட்டது.

"என்னடி, துரத்திட்டாங்களா?" என்று வலது சீண்டியது.

இடது நாயைப் பார்த்தது. "அண்ணே, எங்க ரெண்டு பேர் மேலேயும் இருக்கற மண்ணை நல்லா உதறிவிடுங்க. அந்தக் கால் இப்போ வெளியே வந்துடும்."